துன்பமும் கீதமும்: ஹாங்க் வில்லியம்ஸ் குறித்த நீண்ட விவாதம்

கலைஞன் பட்ட துன்பந்தான் அவன் கலைக்கு ஊற்றா, அல்லது துன்பம் அவனைப் பின்னுக்கு இழுத்தபோதும் வேறு ஏதோ ஒரு சக்தியால் அக்கலை வளர்ந்ததா என்ற கேள்வி எல்லாத் தேசங்களிலும் எழுவதுதான். அமெரிக்காவில் கன்ட்ரி இசை என்று வழங்கும் சங்கீதத்தைப் பொறுத்தவரையில், அக்கேள்வி ஹாங்க் வில்லியம்ஸ் என்ற ஒருவரைச் சுற்றியே எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. 1923 செப்டம்பர் 17-ஆம் தேதி அலபாமா மாநிலத்தில் மவுண்ட் ஆலிவ் என்னும் குக்கிராமத்தில் பிறந்து, 1953 ஜனவரி முதல் நாளன்று 29 வயதில் மறைந்த அவருடைய இசைத்தட்டு வாழ்வு முழுவதும் ஆறே ஆண்டுகளில் அடங்கிவிடுவது. அந்தச் சொற்ப காலத்தில் அவர் பாடிப் பதிந்தவற்றுள், மரணத்துக்குப் பின் முதலிடம் பெற்ற நான்கையும் சேர்த்து, 11 பாடல்கள் கன்ட்ரி இசைப் பட்டியலின் உச்சியை அடைந்தன. 1961-இல் கன்ட்ரி இசைக்கென்று கீர்த்தி மண்டபம் ஒன்று நிறுவப்பட்டபோது முதன்முதலாக அதில் இடம்பெற்ற மூவருள் அவர் ஒருவர்; 2010-இல் புலிட்சர் குழுவினர் அவருக்கு விசேஷப் பாராட்டு ஒன்றை வழங்கினர்.

இவ்வளவு குறுகிய ஜீவியத்தில் இத்தனை எளிய சொற்களைக் கொண்டு இத்தனை ஆழமான துயரத்தை அவர் எவ்வாறு பாடினார் என்பதற்குத் தாயார் ஒரு விடை சொன்னார். மனைவியார் வேறொன்று சொன்னார். பதிப்பாளர்களும் பத்திரிகையாளர்களும், பிறகு சரித்திர ஆசிரியர்களும் சமூகவியலாரும் ஆளுக்கொரு விடையுடன் வந்தார்கள். அவ்விடைகள் எங்கிருந்து எழுந்தன, எந்த இடத்தில் தளர்கின்றன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள்

தந்தை எலோன்ஸோ வில்லியம்ஸ் மரக் கம்பெனிகளின் ரயில் பாதைகளில் வேலை பார்த்தவர். முதல் உலக யுத்தத்தில் சேவை செய்தவர். 1930-இல், மகனுக்கு ஏழு வயது நிரம்புவதற்கு முன்பே, மூளையில் ஏற்பட்ட கோளாற்றால் முகம் செயலிழந்த நிலையில் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அவர், மகனுடைய பிள்ளைப்பருவம் முழுவதும் வீட்டில் இல்லாதவராகவே இருந்துவிட்டார். தாயார் லில்லி, ஜார்ஜியானா, கிரீன்வில், மான்ட்கொமரி ஆகிய ஊர்களில் தங்கும் விடுதி நடத்திக் குழந்தைகள் இருவரையும் காப்பாற்றினார். சிறுவனோ தெருவில் வேர்க்கடலை விற்றும் பாதரட்சைகளுக்கு மெருகிட்டும் சில்லறை சம்பாதித்தான். 1937-இல் குடும்பம் மான்ட்கொமரிக்குக் குடிபெயர்ந்தபின் அந்நகரின் வானொலி நிலையத்தில் பாடத் தொடங்கிய அவர், இருபது வயதாகும் முன்பே 'டிரிஃப்டிங் கௌபாய்ஸ்' என்ற குழுவை அமைத்துக்கொண்டார். யுத்த காலத்தில் முதுகுக் கோளாற்றால் ராணுவத்துக்குத் தகுதியற்றவராகி, மொபீல் துறைமுகத்தின் கப்பல் கட்டும் தளத்தில் சில காலம் உழைத்தார். 1944 டிசம்பரில் அண்டலூஷியா என்ற ஊரின் பெட்ரோல் நிலையம் ஒன்றில் ஆட்ரி ஷெப்பர்ட் என்பவரை மணந்தார்.

1946-இல் நாஷ்வில் நகருக்குச் சென்று ஃப்ரெட் ரோஸ் என்ற பாடலாசிரியர்-பதிப்பாளரைச் சந்தித்ததும் அவர் வாழ்க்கை திசை மாறிற்று. 1948-இல் ஷ்ரீவ்போர்ட் நகரின் 'லூசியானா ஹேரைடு' என்னும் வானொலி மேடையில் அவருக்கு இடம் கிடைத்தது. 1949-இல் 'லவ்சிக் ப்ளூஸ்' 16 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அவ்வாண்டு ஜூன் 11-ஆம் தேதி, கன்ட்ரி இசைக்காரர்கள் அனைவரும் கனவு கண்ட 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையில் அவர் ஏறினார். மூன்றாண்டுகள் கழித்து, 1952 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, குடியினாலும் ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்கு வாராமையினாலும் அதே மேடையிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கு முந்திய டிசம்பரில் முதுகெலும்பில் ரண சிகிச்சை நடந்திருந்தது. ஆட்ரியுடன் மணவாழ்வும் முறிந்துபோயிருந்தது. அக்டோபரில் பில்லி ஜீன் என்ற இளம்பெண்ணை மணந்து, அத்திருமணத்தை நியூ ஆர்லியன்ஸ் நகரில் டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களின் முன்னிலையில் மேலும் இருமுறை நடத்திக் காட்டினார். டிசம்பர் 31-ஆம் தேதி, பனிப்புயலால் விமானப் பயணம் தடைப்பட்டு, நாக்ஸ்வில் நகர ஓட்டலில் வைத்தியர் ஒருவர் மார்ஃபியா கலந்த ஊசி போட்டபின், ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகரக் கச்சேரிக்காகக் கல்லூரி மாணவன் ஒருவன் ஓட்டிய காரில் கிளம்பிய அவர், மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில் ஊரை எட்டுவதற்குள் பின்னிருக்கையிலேயே உயிர் நீத்திருந்தார். இதுவரை கூறியவற்றில் பெரிய தகராறு கிடையாது. இவற்றுக்கு என்ன பொருள் என்பதில்தான் தகராறு.

குடும்பத்தார் கட்டிய சரித்திரம்

முதல் விடைகள் வீட்டுக்குள்ளிருந்தே வந்தன. மகன் மறைந்த அதே ஆண்டில், மான்ட்கொமரிப் பத்திரிகையாளர் ஆலன் ராங்கின் துணையுடன் லில்லி வெளியிட்ட சிறு நூல், தாயின் தியாகத்தால் வளர்ந்த தெய்வபக்தியுள்ள பிள்ளையைக் காட்டிற்று. 1964-இல் ஆட்ரியின் மேற்பார்வையில் வெளிவந்த ஹாலிவுட் திரைப்படமோ, அன்பும் லட்சியமும் கொண்ட மனைவியால் உயர்ந்து, தன் பலவீனத்தால் வீழ்ந்த கணவனைக் காட்டிற்று. அப்படத்தில் ஒலித்த குரல், அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பாத மகன் ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியருடையது. தந்தையின் முகம் நினைவில் நிற்கும் வயதுக்கு முன்பே அவரை இழந்த குழந்தை, எட்டு வயதுமுதல் தந்தையின் பாடல்களையே மேடைதோறும் பாடிப் பிழைக்கவேண்டி வந்தது, இவ்விவாதத்தில் போதிய அளவு கவனிக்கப்படாத ஒரு துயரம் என்றே சொல்லவேண்டும்.

1970-இல் ரோஜர் வில்லியம்ஸ் என்ற பத்திரிகையாளர் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் முதன்முதலாகச் சாட்சியங்களை ஒழுங்காகத் திரட்டிய நூல் எனலாம். 1981-இல் சேட் ஃப்ளிப்போ எழுதியது, யாரும் உடனிருந்து கேட்டிருக்க முடியாத உரையாடல்களையும் மன ஓட்டங்களையும் கற்பனையால் நிரப்பியது. படிக்க விறுவிறுப்பானதாயினும் ஆதாரமாகக் கொள்ளத்தக்கதன்று. 1994-இல் காலின் எஸ்காட், இரு துணையாசிரியர்களுடன் வெளியிட்ட வரலாறு, தேதிகளையும் ஒலிப்பதிவுக் குறிப்புகளையும் வழக்கு ஆவணங்களையும் ஒத்துப் பார்த்து, பழைய கதைகள் பலவற்றைத் தள்ளிவைத்தது.

ஆனால் ஆதாரங்கள் திருந்திய பின்பும் ஒரு பழைய சாய்வு போகவில்லை. அடக்கி ஆளும் தாய், நச்சரிக்கும் மனைவி என்ற இரு பெண்களுக்கிடையே அகப்பட்டு, அவ்வேதனையைப் பாட்டாக்கிய அப்பாவி என்ற சித்திரம் நூலுக்கு நூல் தொடர்ந்தது. ஆட்ரிக்குக் குரல்வளம் குறைவு என்பதும், அவர் மேடையில் தமக்கும் இடம் வேண்டுமென்று பிடிவாதம் செய்தார் என்பதும் உண்மையாக இருக்கலாம். எனினும் அடிக்கடி போதையில் விழும் கணவனை எழுப்பிக் கச்சேரிக்கு அனுப்பியவரும், நாஷ்விலுக்குச் செல்லவேண்டுமென்று உந்தியவரும் அவரே என்பதற்குச் சாட்சியங்கள் குறைவல்ல. ஒருவருடைய பாடல்கள் ஒரு பெண்ணைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்வதனால் அவள் அத்தகையவளே என்று தீர்ப்பளிப்பது, பாட்டை வாக்குமூலமாக வாசிக்கும் பிழையாகும். 1975-இல் கடனும் குடியும் சூழ்ந்த நிலையில் இறந்த ஆட்ரிக்குத் தம் தரப்பை மூன்று நிமிஷப் பாட்டில் சொல்லும் வன்மை வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் இச்சரித்திரத்தின் தொனியே வேறாயிருந்திருக்கும்.

உடல்நோய் என்னும் விளக்கம்

வைத்திய நோக்கில் எழுதுவோர், பிறவியிலேயே முதுகெலும்பின் அடிப்பகுதி சரியாக மூடாமல் போகும் ஒரு குறையிலிருந்து தொடங்குகிறார்கள். தீராத முதுகுவலி, வலியை மறக்க மது, ரண சிகிச்சைக்குப்பின் மார்ஃபியா, கடைசி மாதங்களில், வைத்தியப் படிப்பே இல்லாமல் விலைக்கு வாங்கிய பட்டத்தைக் காட்டித் திரிந்த டோபி மார்ஷல் என்ற போலி வைத்தியன் கொடுத்த குளோரல் ஹைட்ரேட், முடிவில் இருதயச் செயலிழப்பு. காரண காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக வந்து நிற்பது இவ்விளக்கத்தின் கவர்ச்சி. ஒழுக்கக்கேடு என்று பழித்தவர்களுக்கு எதிராக அந்த மனிதனின் வேதனையை வேதனையாகவே மதிக்கக் கற்பித்தது இதன் நற்பயன்.

பலவீனங்களும் உண்டு. அத்தகைய எலும்புக் குறை உள்ளவர்களில் பெரும்பாலோர் யாதொரு வலியும் அறியாமலே வாழ்ந்து முடிப்பவர்கள். ஆகவே குறை இருந்தது என்பதனாலேயே வலியின் அளவை நிர்ணயிக்க இயலாது. அவர் வளர்பருவத்திலேயே குடிக்கத் தொடங்கியிருந்தார் என்ற செய்தியும், குடி தினசரிப் பழக்கமாக இல்லாமல், பல வாரங்கள் முற்றிலும் விலகியிருந்து திடீரென்று மூழ்கும் வகையினதாயிருந்தது என்ற செய்தியும், வலி மட்டுமே காரணம் என்ற முடிவுக்கு இடையூறாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வலி அவர் இறந்ததை விளக்கலாம். பாடியதை அது விளக்காது. அதே வலியுடன் ஒரு வரியும் எழுதாமல் மாண்டவர்கள் எண்ணற்றவர்.

தெற்குப் பிரதேசத்தின் குரல்

அறுபதுகளிலிருந்து கன்ட்ரி இசையைப் பல்கலைக்கழகத்தார் ஆராயத் தொடங்கியபோது தனிமனித விளக்கங்கள் பின்னுக்குச் சென்றன. 1968-இல் பில் மலோன் எழுதிய பெரும் சரித்திரம், இவ்விசையைத் தென் மாநிலங்களின் உழைக்கும் ஜனங்களுடைய வாழ்வோடு இணைத்துக் காட்டிற்று. பொருளாதார மந்தத்தாலும் யுத்தத் தொழிற்சாலைகளாலும் கிராமத்தை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்த லட்சக்கணக்கானவர்களின் தனிமையே ஹாங்க் வில்லியம்ஸின் தனிமையாக ஒலித்தது என்ற கருத்து இவ்வழியில் வலுப்பெற்றது. அவருடைய ரசிகர்கள் அவர் துன்பத்தைக் கேட்கவில்லை, தங்கள் துன்பத்தையே கேட்டார்கள் என்பது இத்தரப்பின் சாரம். 1953 ஜனவரி 4-ஆம் தேதி மான்ட்கொமரியின் நகர மண்டபத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு, உள்ளே சில ஆயிரம் பேருக்கே இடமிருக்க, பல்லாயிரம் பேர் தெருவில் கூடி நின்றதை நினைத்தால் இதை எளிதில் ஒதுக்க மனம் வராது.

1997-இல் ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற சமூகவியல் பேராசிரியர் இதற்கு ஒரு மறுதலைக் கருத்தைச் சேர்த்தார். கன்ட்ரி இசையின் கிராமியத் தூய்மை என்பது தானாக விளைந்ததன்று. வானொலி நிலையங்களும் விளம்பரதாரர்களும் இசைத்தட்டுக் கம்பெனிகளும் முப்பது ஆண்டுகளாகச் சோதித்துச் சோதித்து உருவாக்கிய ஒரு தோற்றம். அதன் பூரண வடிவமே ஹாங்க் வில்லியம்ஸ் என்பது அவர் வாதம். மண்ணில் உழைத்தவனே மண்ணின் பாட்டைப் பாடமுடியும் என்ற கருத்தைப் பாடகரே பேட்டியில் சொன்னதுண்டு. ஆனால் அவருடைய பிள்ளைப்பருவம் பெரும்பாலும் மரம் வெட்டும் முகாம்களின் அருகிலும் சிறு நகர விடுதிகளிலும் கழிந்ததேயன்றி ஏர் பிடித்த வயல்களில் கழியவில்லை. கௌபாய்த் தொப்பியும் அலங்காரத் தையல் சட்டையும் அலபாமாவின் உடையல்ல. மேற்கத்திய சினிமாவிலிருந்து வந்தவை.

பீட்டர்சனின் வாதம் கூர்மையானது; ஆயினும் எல்லை கடந்து பிரயோகிக்கப்படும்போது அது அநீதியாகிவிடுகிறது. தொப்பி கடன் வாங்கியது என்பதனால் தொண்டையும் கடன் வாங்கியதாகிவிடாது. அதே தொப்பியை அணிந்து, அதே கம்பெனிகளில் பாடி, அதே விளம்பரங்களால் தாங்கப்பட்ட எத்தனையோ பேரின் தட்டுகள் இன்று கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

ரூஃபஸ் பெய்ன் விட்டுச் சென்றது

இவ்விவாதத்தில் மிகத் தாமதமாகவே உரிய இடம் பெற்றது, ஜார்ஜியானாவிலும் கிரீன்வில்லிலும் தெருவில் பாடிப் பிழைத்த ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பின இசைஞரைப் பற்றிய பகுதி. 'டீ-டாட்' என்று ஊரார் அழைத்த அவரைப் பின்தொடர்ந்து திரிந்தே சிறுவன் ஹாங்க் கிதார் கற்றான். கற்பித்ததற்கு ஈடாக விடுதியில் சாப்பாடு போட்டதாக லில்லியும் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் இச்செய்தியைப் பாடகர் மறைத்ததே இல்லை; 1952-இல் ரால்ஃப் கிளீசன் என்ற இசை விமர்சகரிடம் பேசும்போதுகூடத் தமக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்று ஒப்புக்கொண்டார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கவும் சட்டம் தடுத்த அலபாமாவில், வெள்ளையருக்கே உரியதென்று விற்கப்பட்ட ஓர் இசையின் உச்சியில் நின்றவர் இவ்வாறு சொன்னதை அவர் காலத்தவர் ஏறத்தாழக் காதில் வாங்கவில்லை.

இதை முன்வைப்போர் கூறுவது யாதெனில், துக்கத்தைப் பாட்டாக ஒழுங்கு செய்யும் வழி ஹாங்க் வில்லியம்ஸின் சொந்த வாழ்வில் முளைத்ததன்று. அடிமைத்தனத்தையும் அதன் பின்விளைவுகளையும் அனுபவித்த ஓர் இனம் பல தலைமுறைகளாகப் பண்படுத்திய ப்ளூஸ் மரபிலிருந்து பெற்ற வித்தை அது. தாளத்தைச் சற்றே இழுத்து வைத்துப் பாடுவதும், சொல்லின் நடுவில் குரலை உடைத்து மேலேற்றுவதும், துயரத்தின் நடுவே ஒரு குறும்பைக் கலந்துவிடுவதும் அம்மரபின் அடையாளங்கள். இக்கருத்து சரியாயிருக்குமானால், துன்பத்துக்கும் கீதத்துக்கும் உள்ள உறவு பற்றிய கேள்வியில் யாருடைய துன்பம் என்ற துணைக் கேள்வியும் எழுந்துவிடுகிறது. 1939-இல் மான்ட்கொமரியில் ஏழையாக இறந்த பெய்னைப் புதைத்த இடம் எதுவென்று இன்று திட்டமாகச் சொல்ல முடியாது. நினைவுக்கல் மட்டும் பின்னாளில் நாட்டப்பட்டது.

வரலாற்று நியாயம் முழுவதும் இத்தரப்பில் இருந்தாலும், நிரூபணம் மட்டும் இல்லை. பெய்னின் குரலைத் தாங்கிய தட்டு ஒன்றுகூடக் கிடையாது. அவர் என்ன பாடினார், எப்படி வாசித்தார், சிறுவன் அதில் எவ்வளவு எடுத்துக்கொண்டான் என்பதை நேரில் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. தவிரவும், தாயார் ஆர்கன் வாசித்த பாப்டிஸ்டு ஆலயத்தின் கீர்த்தனங்களும், நெஞ்சு வெடிக்கப் பாடும் ராய் ஏகஃபின் பாணியும், எர்னஸ்ட் டப்பின் ஆரவாரமற்ற பாணியும் அதே காதுகளில் விழுந்தவையே. எதிலிருந்து எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் முயற்சிகள் இதுவரை ஊகத்தைத் தாண்டவில்லை.

கைத்திறனை முன்வைப்போர்

துன்பக் கோட்பாட்டின்மேல் மிக நேரடியாகத் தாக்கும் தரப்பு இதுவே. அவர்கள் காட்டும் முதல் சான்று, ஹாங்க் வில்லியம்ஸை உயரத் தூக்கிய 'லவ்சிக் ப்ளூஸ்' அவர் எழுதியதே அன்று என்பது. 1922-இல் கிளிஃப் ஃப்ரெண்டு, இர்விங் மில்ஸ் என்ற இருவர் மேடை நாடகத்துக்காகச் செய்த பாட்டு அது. அவருக்கு முன் எம்மெட் மில்லரும் ரெக்ஸ் கிரிஃபினும் அதைப் பதிந்திருந்தனர். ஃப்ரெட் ரோஸுக்கு அப்பாட்டு அறவே பிடிக்கவில்லை. ஆனால் கேட்ட ஜனங்கள் அதில் ஒரு மனிதனின் சொந்த இதயம் நொறுங்குவதையே கேட்டார்கள். உண்மையான துயரத்தையும் உண்மைபோல் பாடப்பட்ட துயரத்தையும் வேறுபடுத்திக் காணும் காது நமக்கு உண்டா என்ற சங்கடமான கேள்வியை இவ்வொரு தட்டு எழுப்பிவிடுகிறது.

இரண்டாவது சான்று மெட்டுகள் பற்றியது. 'ஜம்பாலயா'வின் மெட்டு லூசியானாவின் பிரெஞ்சு மக்கள் பாடிவந்த பாட்டொன்றினது. 'ஐ சா தி லைட்' என்ற பக்திப்பாட்டுக்கு ஆல்பர்ட் பிரம்லியின் முந்திய கீர்த்தனம் ஒன்றோடு நெருங்கிய உறவு உண்டு. 'கோல்ட், கோல்ட் ஹார்ட்' விஷயம் இன்னும் ரசமானது. ஆஸ்பத்திரியில் இருந்த ஆட்ரியைப் பார்க்கச் சென்று, அவர் முகம் கொடாமையால் மனம் புண்பட்டு எழுதிய பாட்டு என்பது வழிவழியாக வரும் கதை. மெட்டோ முன்பே டி. டெக்சாஸ் டைலர் பாடியிருந்த ஒரு பாட்டை ஒத்திருந்தமையால் வழக்கு வரைக்கும் சென்றது. 1951-இல் அதே பாட்டை, அலபாமாவின் வாசனையே அறியாத நியூயார்க் நகரத்து இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த டோனி பெனட், வயலின் கோஷ்டியுடன் பாடி நாடு முழுவதும் முதலிடத்துக்குக் கொண்டு சென்றார். ஒரே பாட்டு சொந்தப் புண்ணிலிருந்தும் பிறருடைய மெட்டிலிருந்தும் பிறந்து, அப்புண்ணே இல்லாதவர் குரலிலும் உயிரோடு நிற்கிறது. 1962-இல் ரே சார்ல்ஸ் ஹாங்க் வில்லியம்ஸின் பாடல்களை எடுத்துப் பாடியபோது, ப்ளூஸிலிருந்து வந்தது ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் கறுப்பினக் கலைஞர் ஒருவரின் குரலில் புதிதாயிற்று.

மூன்றாவது சான்று காலக்கணக்கு. தனிமையைப் பற்றி அமெரிக்காவில் எழுதப்பட்ட பாடல்களுள் தலையாயது என்று பலர் கருதும் 'ஐம் ஸோ லோன்சம் ஐ குட் க்ரை' 1949 ஆகஸ்டில் சின்சினாட்டி நகரில் பதிவானது. மே மாதத்தில் மகன் பிறந்திருந்தான். ஜூனில் ஆப்ரி மேடை கிடைத்திருந்தது. அவர் வாழ்வில் அதைவிட நல்ல கோடைகாலம் வேறில்லை. 1951-இல் மாவுக் கம்பெனி ஒன்றின் ஆதரவில் நாஷ்வில் வானொலிக்காக அவர் பதிந்துவைத்த எழுபதுக்கும் மேற்பட்ட காலை நிகழ்ச்சிகள், குப்பைக்குப் போகாமல் தப்பி, அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின் வெளிவந்தன. அவற்றில் கேட்கும் மனிதர் சிரித்துப் பேசுகிறவர். குழுவினரோடு கேலி செய்கிறவர். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிக்கும் தொழில்வல்லவர். சாபம் பிடித்த கவிஞன் என்ற சித்திரத்துக்கு இதைக் காட்டிலும் பலமான மறுப்பு வேறு எதுவும் இதுவரை வெளிவரவில்லை என்று கருத இடமுண்டு.

ஆனால் இத்தரப்பு சொல்லத் தயங்கும் ஒரு நாளும் உண்டு. 1952 செப்டம்பர் 23-ஆம் தேதி, ஆப்ரியிலிருந்து தள்ளப்பட்டு, மணம் முறிந்து, உடல் மெலிந்து, போலி வைத்தியனின் கைக்குள் போய்க்கொண்டிருந்த நிலையில், நாஷ்வில்லின் காஸில் ஸ்டூடியோவில் அவர் கடைசியாகப் பாடிப் பதிந்த நான்கு பாடல்களுள் 'யுவர் சீட்டின் ஹார்ட்' ஒன்று, 'காலைஜா' ஒன்று. சீர்குலைவு திறனைத் தின்றுவிடும் என்பது பொதுவிதியானால், அன்று அது ஏன் தின்னவில்லை? கைத்திறன் ஒருமுறை கைவந்துவிட்டால் உடல் விழுந்தபின்பும் சிறிது காலம் நிற்கும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். பொருத்தமான சமாதானமே, ஆயினும் முழுத் திருப்தி தருவதன்று.

தொழில் உலகின் பொறுப்பு

ஆப்ரி மேடையில் பாடியவர்கள் அக்காலத்தில் வாரநாட்களில் எத்தனை நூறு மைல் தொலைவில் கச்சேரி செய்தாலும் சனிக்கிழமை இரவு நாஷ்வில்லுக்குத் திரும்பியாகவேண்டியிருந்தது. காரிலேயே தூக்கம், காரிலேயே சாப்பாடு. முதுகுவலிக்காரருக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேண்டுவதில்லை. 1951-இல் அவர், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மதுசாரம் அடங்கிய 'ஹடகால்' என்னும் சக்தி மருந்தின் விளம்பரப் பயணத்திலும் ஊர் ஊராகச் சென்றார். இவற்றையெல்லாம் அடுக்கி, அவரைக் கொன்றது தொழிலே என்று கூறுவோர் உண்டு. ஆப்ரியில் அவரை இறந்தபின்னாவது மீண்டும் அங்கத்தினராகச் சேர்க்கவேண்டும் என்று அன்பர்கள் நெடுநாளாக முறையிட்டு வருவதும் இவ்வெண்ணத்தின் வெளிப்பாடே.

எனினும் அதே சாலைகளில் அதே கார்களில் திரிந்த ஏகஃபும் டப்பும் முதுமைவரை வாழ்ந்தார்கள். தாமே ஒருகாலத்தில் குடியில் சிக்கி, சமயப் பற்றால் மீண்டவரான ஃப்ரெட் ரோஸ் அவரைத் திருத்த உண்மையாகவே பாடுபட்டார். தொழில் குற்றமற்றது என்பதல்ல இதன் பொருள். நிறுத்தி ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு ஒன்றும் அத்தொழிலில் இல்லாதிருந்தது, நீக்குவதற்கு மட்டும் ஏற்பாடு இருந்தது என்பதே அதன்மேல் சாட்டத்தக்க நியாயமான குற்றம்.

துயரத்தை விற்பதில் அத்தொழில் காட்டிய சுறுசுறுப்பையும் குறிப்பிடாமல் விட முடியாது. உயிரோடு இவ்வுலகை விட்டு வெளியேற மாட்டேன் என்னும் பொருள்பட வேடிக்கையாக எழுதப்பட்ட பாட்டு, அவர் இறந்த வேளையில் விற்பனைப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது; சில வாரங்களில் அவர் மரணத்தைப் பற்றிய இரங்கற்பாட்டுகளும் தட்டுகளாக வந்தன. அவர் இறந்து ஐந்து நாள் கழித்துப் பிறந்த மகள் ஜெட், தான் யார் என்பதை அறியாமலே வளர்ந்து, எண்பதுகளில் நீதிமன்றம் ஏறித் தன் பிறப்புரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. துன்பமே கலைக்கு ஊற்று என்று உற்சாகமாக எழுதுகிறவர்கள், அத்துன்பம் பாடகரோடு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

எஞ்சி நிற்பவை

மேற்கண்ட தரப்புகளில் எதையும் முற்றிலும் தள்ளுவதற்கில்லை. ஆயினும் துன்பம் பாட்டுக்குப் பொருளைத் தந்திருக்கலாம், பாட்டைச் செய்யும் வல்லமையைத் தரவில்லை என்ற அளவுக்குச் சாட்சியங்கள் நம்மைக் கொண்டுவருகின்றன. அவ்வல்லமை தெருவில், ஆலயத்தில், வானொலியில், ரோஸின் பியானோவுக்கு அருகில் கற்றுக்கொள்ளப்பட்டது. வல்லமையை வளர்த்த வருஷங்களைக் குறைத்ததுதான் துன்பத்தின் நிச்சயமான வேலை.

தீராத விஷயங்களில் முதன்மையானது ரோஸின் கை எவ்வளவு என்பது. வில்லியம்ஸ் கொண்டுவந்த வரிகளை அவர் திருத்தினார் என்பதில் ஐயமில்லை. சில பாடல்களில் இருவர் பெயரும் இருக்கின்றன. பெயரில்லாத பாடல்களிலும் அவர் கை இருந்திருக்கலாம். ரோஸ் சிகாகோவிலும் பிற இடங்களிலும் ஜனரஞ்சகப் பாட்டுத் தொழிலில் பழுத்தவர். சொல்லைச் செதுக்குவதில் நிபுணர். ஆனால் அவர் திருத்திய மற்றவர்களின் பாடல்களில் இத்தகைய வெறுமையின் ஒலி அரிதாகவே கேட்கிறது. 1954 டிசம்பரில் ரோஸும், அடுத்த ஆண்டு லில்லியும் காலமாகிவிட்டமையால், திருத்தம் நடந்த அறையைப் பற்றி நேரில் அறிந்தவர்களின் விரிவான வாக்குமூலம் கிடைக்காமற் போயிற்று.

பாடகர் விட்டுச்சென்ற நோட்டுப் புத்தகங்களில் முடிவுறாத பாடல்கள் பல இருந்தன. 2011-இல் பாப் டிலன் உள்ளிட்ட கலைஞர் பலர் அவற்றுக்கு மெட்டமைத்துப் பாடி ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அம்முயற்சி அன்பினால் செய்யப்பட்டதே. ஆராய்ச்சியாளருக்கு வேண்டுவதோ வேறு. ரோஸின் பென்சில் படாத அவ்வரிகளையும், வெளிவந்த பாடல்களின் இறுதி வடிவத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டால், எது அவருடைய சொந்தக் குரல், எது தொழிலின் மெருகு என்று இன்றைக்கு ஊகிப்பதைவிடச் சற்று உறுதியாகச் சொல்ல இயலலாம். ஆனால் முடிவுறாத வரி என்பது எழுதியவனே போதாதென்று ஒதுக்கிய வரியாகவும் இருக்கக்கூடும் என்பதால், அவ்வொப்பீட்டின் முடிவுகளையும் பொறுமையுடனேயே ஏற்கவேண்டியிருக்கும்.